சரிவு நிலமும் பின்வீட்டு வேலியும்

சிட்னியில் வீடு வாங்கியபோது தெருவிலிருந்து பார்த்துத்தான் மனசு பிடித்துப்போனது. தெருப்பக்கம் சமமான தரை. பின்பக்கம் போனால்தான் நிலம் இறங்குவது தெரியும். அம்மா எங்களோடு வந்து தங்கப்போகிறார் என்று முடிவானதும், பின்னால் ஓர் அறையும் குளியலறையும் கூட்டிக் கட்ட நினைத்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, படியே ஏற முடியாது. அதனால் வீட்டுத் தரைமட்டத்திலேயே அறையை நீட்டி, அடியில் தூண் கொடுத்துவிடலாம் என்று டிசைனரிடம் சொன்னேன். "முதல்ல சர்வே எடுங்க, அப்புறம் பேசுவோம்" என்றார்.

சர்வேயர் கொடுத்த தாளில் ஒவ்வொரு அரை மீட்டர் உயரத்துக்கும் ஒரு கோடாக எங்கள் நிலம் வளைந்து கிடந்தது. வாசலில் 87.4, பின்வேலியில் 84.6. அதாவது 2.8 மீட்டர் இறக்கம். நான்கு வருடம் புல் வெட்டிய தரை அவ்வளவு இறங்குகிறது என்று அன்றுதான் தெரிந்தது. எங்கள் பகுதியில் கட்டட உயர வரம்பு 8.5 மீட்டர். அதை வீட்டுத் தரையிலிருந்து அளக்க மாட்டார்கள். கட்டடத்துக்கு நேர்கீழே இப்போது இருக்கிற மண்ணிலிருந்து அளப்பார்கள். வரம்புக்குள் வந்துவிட்டோம், சரி. ஆனால் பின்வீட்டிலிருந்து பார்த்தால் எங்கள் ஒற்றை அறை மாடி மாதிரி நிற்கும்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சிறிய வேலைகளுக்கு, எல்லா விதிக்கும் பொருந்தினால், கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், முழுப் பரிசீலனை இல்லாமல் சான்று வாங்கும் குறுக்குவழி உண்டு. எங்கள் சரிவுக்கு அது ஒத்துவரவில்லை. முழு விண்ணப்பத்தை மாநிலத்தின் திட்ட இணையதளம் வழியாகப் போட்டோம். அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம் போனது. சில வாரங்களில் கவுன்சில் எங்களிடம் மூன்று விஷயம் கேட்டது: நிழல், அந்தரங்கம், மழைநீர். மூன்றுமே பின்வீட்டைப் பற்றியவை.

இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. குளிர்காலத்தில் வீட்டுக்கு வெயில் வருவது வடக்கிலிருந்துதான். ஜூன் 21 அன்று காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை நிழல் எங்கே விழும் என்று வரைந்து காட்ட வேண்டும். எங்கள் நிலம் தெற்கே இறங்குகிறது. இறக்கத்தில் நிழல் இன்னும் நீளும். வரைபடத்தில் அந்தக் கறுப்புப் பட்டை பின்வீட்டுத் துணிக்கொடியைத் தாண்டிப் போயிருந்தது.

மழைநீர் அதைவிடப் பெரிய பிரச்சினை. கூரைத் தண்ணீர் தானாக வழிந்து தெருக்கால்வாய்க்குப் போக வேண்டும். எங்களுடையதோ தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது. பம்ப் வைக்க எங்கள் கவுன்சில் சம்மதிக்கவில்லை. சரிவில் கீழே இருக்கும் பின்வீட்டு நிலம் வழியாகக் குழாய் கொண்டுபோக ஈஸ்மென்ட், அதாவது அவர் நிலப் பத்திரத்திலேயே பதிவாகும் உரிமை, வாங்கி வரச் சொன்னார்கள்.

அந்த வீட்டில் தனியாக இருப்பவர் எழுபதைத் தாண்டிய பெண்மணி. அதுவரை வேலிக்கு மேலே கையசைத்ததோடு சரி. நானும் மனைவியும் வரைபடச் சுருளோடு போனோம். வரைபடத்தை அவர் பிரிக்கவே இல்லை. எங்களைத் தோட்டக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், சுவரின் அடிப்பலகையைக் காட்டினார். கணுக்கால் உயரத்தில் நேர்கோடாக மண் கறை. அதற்குக் கீழே மரம் உப்பி, விரல் வைத்தால் உள்ளே போனது. நாங்கள் பின்முற்றத்துக்கு சிமென்ட் போட்ட வருடத்திலிருந்து ஒவ்வொரு பெருமழைக்கும் இப்படித்தான் என்றார். குரலை உயர்த்தவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டோம்.

அன்று இரவே அறையின் திட்டத்தை மாற்றினோம். வீட்டுக்குள் சமமட்டத்தில் இருக்கும் எங்கள் படுக்கையறை அம்மாவுக்கு. புது அறை எங்களுக்கு; அது நிலத்தோடு நான்கு படி கீழே இறங்கும். கூரை தாழ்ந்ததும் நிழல் துணிக்கொடிக்கு முன்னாலேயே நின்றது. தெற்கு ஜன்னலை உயரத்தில் வைத்தோம். அவர் தோட்டம் எங்கள் கண்ணில் படாது. முதலிலேயே அவரிடம் போயிருந்தால் முதல் வரைபடத்துக்கு வேலையே இருந்திருக்காது. சரிவில் கட்டப்போகிற யாரிடமும் நான் இதைத்தான் சொல்கிறேன்: டிசைனரிடம் போகும் முன் கீழ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள், முடிந்தால் ஒரு மழை நாளில்.

ஈஸ்மென்டுக்கு அவர் சம்மதித்தார். பக்கவேலியை ஒட்டியே குழாய் போக வேண்டும், எலுமிச்சை மரத்தின் வேரைத் தொடக்கூடாது என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. அவருடைய வக்கீல் செலவும் இழப்பீடும் எங்கள் பொறுப்பு.

கவுன்சிலின் ஒப்புதல் வந்தது, ஆனால் ஈஸ்மென்ட் பதிவாகும்வரை அது செயலுக்கு வராது என்ற நிபந்தனையோடு. பதிவு முடிந்து, கட்டுமானச் சான்றிதழும் இப்போது கைக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை குழாய்க்காரர் வருகிறார். எலுமிச்சை மரத்தைச் சுற்றி எங்கே தோண்டக்கூடாது என்று அந்தப் பெண்மணி சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.