பெரிய தவளைன்னா வயசான தவளையா?

காரைக்குடிப் பக்கம் நல்ல மழை விழுந்தா கம்மாய், ஊருணியெல்லாம் தவளைச் சத்தம்தான், பெரிய இனத்துல ஆண் தவளை மஞ்சளா மாறி தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் நீலப் பை உப்ப கத்தும். பெருசா ஒண்ணைப் பாத்தா "கிழட்டுத் தவளை"ன்னு சொல்லிடறாங்க. அப்படிச் சொல்ல முடியாதுங்க. பருவத்துக்கு வந்தப்புறம் வளர்ச்சி ரொம்ப மெதுவாயிடும், அதனால மூணு வயசும் அஞ்சு வயசும் ஒரே சைஸ்ல இருக்கலாம், போக பெரும்பாலான இனங்கள்ல பொட்டைதான் பெருசு.

சைஸ் எடுக்கறது ஈஸி, மூக்கு நுனியிலேருந்து பின்துவாரம் வரைக்கும் வெர்னியர் காலிப்பர்ல அளப்பாங்க, காலைச் சேக்க மாட்டாங்க. வயசுக்குத்தான் எலும்பு வேணும். விரல் நுனியைக் கொஞ்சம் வெட்டி, அமிலத்துல போட்டு சுண்ணாம்புச்சத்தை எடுத்து, மெல்லிசா சீவி சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்ல பாத்தா வளையம் வளையமா கோடு தெரியும். குளிர் நாட்டுல குளிர்காலத்துல வளர்ச்சி நிக்கும், வருஷத்துக்கு ஒரு கோடு. நம்ம வெயில் சீமையில கோடை வறட்சியில கோடு விழலாம், ஆனா ஒரே வருஷத்துல ரெண்டு கோடும் விழலாம், உள்பக்கப் பழைய கோடு கரைஞ்சும் போயிடலாம். அதான் அடையாளம் போட்டு விட்ட தவளையை மறுபடி பிடிச்சு சரிபாக்கணும். விரலை வெட்டறது எனக்கு மனசுக்கு ஒப்பலைதான், ஆனா உசுரை எடுக்காம வயசு பாக்க முடியுதே.