டிஸ்கஸ் பண்ணினோமா?

‘ப்ளீஸ் ஸ்பீக்’ என்று எழுதப்பட்டு ஒரு கோப்பு கீழே இறங்கி வந்தால், மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. குறிப்பில் பிழை இருந்திருந்தால் ‘ரீ-எக்ஸாமின்’ என்று வந்திருக்கும். விவரம் போதவில்லை என்றால் இன்ன தாளை இணைத்து மீண்டும் ‘புட் அப்’ செய்யும்படி வந்திருக்கும். ‘ப்ளீஸ் ஸ்பீக்’ என்றால், சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை எழுத்தில் வைக்க விருப்பமில்லை, அறைக்கு வாருங்கள் என்று பொருள். அந்த அறையிலிருந்து திரும்பிய பிறகு நாம் எழுதும் அடுத்த குறிப்பு ‘ஆஸ் டிஸ்கஸ்டு’, அதாவது கலந்து பேசியபடி, என்று தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் அறைக்குள் என்ன நடந்தது என்பது கோப்பில் இருக்காது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குறையா இல்லையா என்று யோசிக்க வைத்த ஒரு சிறு உரையாடலைத்தான் எழுத வந்தேன்.

நான் பிரிவு அலுவலராக (எஸ்.ஓ.) இருக்கும் பிரிவுக்கு உதவிப் பிரிவு அலுவலராகத் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்து சேர்ந்திருந்தார். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் எஸ்.எஸ்.சி. தேர்வில் நல்ல இடம் பிடித்தவர். தகுதிகாண் பருவம் அப்போது முடிந்திருக்கவில்லை. ஜெராக்ஸ் இயந்திரங்களின் பராமரிப்பு ஒப்பந்தம் மார்ச் 31 அன்று முடிய இருந்தது. ஒப்பந்தத்தை ஒருமுறை மட்டுமே நீட்டிக்க இடமிருக்கிறது, அந்த ஒருமுறை ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது, ஆகவே 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் புதிதாக ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். அதில் கை வைக்க எதுவும் இல்லை என்று அப்படியே மேலே அனுப்பினேன். அண்டர் செக்ரட்டரி இடம் காலியாக இருந்ததால் கோப்பு நேராக டி.எஸ்.ஸிடம் (டெபுடி செக்ரட்டரி) போய், மறுநாளே ‘ப்ளீஸ் ஸ்பீக்’ என்று இறங்கி வந்தது.

இருவரும் போனோம். டி.எஸ். நல்ல மனிதர், இதை எழுதும்போதும் அவர்மேல் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. டீ வரவழைத்தார், தம்பியிடம் ஊர் எது, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தார், குறிப்பு தெளிவாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தார். பிறகு, புதிய ஒப்பந்தம் முடிவாகக் குறைந்தது இரண்டு மாதம் ஆகும் என்றும், நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும்போது இயந்திரம் நின்றுபோனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான் என்றும், ஆறு மாதம் கிடைத்தால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிடலாம் என்றும் இந்தியில் சொல்லிவிட்டு, கடைசியில் ‘தேக் லீஜியே’ (பார்த்துக்கொள்ளுங்கள்) என்றார். டெல்லியில் இருப்பவர்களுக்குத் தெரியும், அது ஆணையும் அல்ல, யோசனையும் அல்ல; ஆனால் அதைக் கேட்டுவிட்டுச் செய்யாமல் இருந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இடத்துக்கு வந்ததும் தம்பி தட்டச்சு செய்யத் தொடங்கினார். கோப்புகளைக் கணினியிலேயே நகர்த்தும் ஈ-ஆபீஸில் மஞ்சள் குறிப்பு என்பது வரைவு; எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம், அழிக்கலாம். பச்சைக் குறிப்பாகிக் கைமாறிவிட்டால் ஓர் எழுத்தைக்கூடத் தொட முடியாது. மஞ்சளில் இருக்கும்போதே அவருடைய திரையை எட்டிப் பார்த்தேன். ‘ஆஸ் டைரக்டட் பை டி.எஸ். டூரிங் டிஸ்கஷன்’, பேசும்போது டி.எஸ். பணித்தபடி, என்று ஆரம்பித்திருந்தார். டைரக்டட் வேண்டாம், ‘ஆஸ் டிஸ்கஸ்டு’ என்று மட்டும் போடுங்கள் என்றேன்.

“டிஸ்கஸ் பண்ணினோமா சார்?” என்று கேட்டார். “அவர் சொன்னார், நாம ரெண்டு பேரும் தலையை ஆட்டிட்டு வந்தோம்.”

“ஃபைல்ல அப்படித்தான் எழுதுவாங்க தம்பி.”

அவர் மறுபடி கேட்கவில்லை. அந்த வரியைப் பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு ‘ஆஸ் டிஸ்கஸ்டு’ என்று அடித்தார். ஒப்புதல் அன்று மாலையே வந்துவிட்டது.

அவர் கேட்டதில் துடுக்கு எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்; பதிலுக்கு ஒரு அதட்டல் போட்டுவிட்டு மறந்திருப்பேன். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. அவர் பிறந்து வளர்ந்த தமிழ்நாட்டுக்கு 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் பொருந்தாது. ஆகவே இந்தியையும் கோப்பு ஆங்கிலத்தையும் டெல்லிக்கு வந்த பிறகு ஒரே நேரத்தில் பழகிக்கொண்டிருந்தார். கட்டட வாசலில் ‘ஆஜ் கா ஷப்த்’ (இன்றைய சொல்) என்ற பலகையில் தினம் ஓர் ஆங்கிலச் சொல்லும் அதற்கு நிகரான இந்திச் சொல்லும் எழுதி வைத்திருப்பார்கள். அதை அவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். பலகை பொருளைச் சொல்லும். யார் யாருக்கு எப்போது அதை எழுதலாம் என்பதைப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்தான் சொல்லித்தர வேண்டும்.

எனக்கு அப்படிச் சொல்லித்தந்தவர், கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹேண்டும் முடித்துவிட்டு டெல்லிக்கு ரயிலேறிய தலைமுறையைச் சேர்ந்த ஓர் அண்டர் செக்ரட்டரி. கோப்பு ஆங்கிலத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது என்பதை அவரிடம்தான் கற்றேன். ‘இட் இஸ் ஃபெல்ட்’ என்போம். யாருக்குத் தோன்றியது என்று இருக்காது. ‘வீ மே’ என்று தொடங்கினால் முடிவு பொதுச் சொத்தாகிவிடும். ‘மே கைண்ட்லி சீ’ என்று அனுப்பினால் மேலே இருப்பவர் ‘சீன்’ என்று எழுதி இறக்குவார். பார்த்தார் என்பது உறுதி, ஒப்புக்கொண்டாரா என்பதை அவரவர் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மழுப்பலாகத் தெரியும். எனக்குச் சொல்லித்தந்தவர் இதை மரியாதை என்றே கருதினார். நீங்கள் சொல்வது தவறு என்று மேலதிகாரிக்கு எழுத முடியாத இடத்தில், ‘திஸ் மே பீ சீன் இன் தி லைட் ஆஃப்’ என்று தொடங்கி விதியை எடுத்து வைத்தால், சொல்ல வேண்டியதும் சொல்லப்பட்டுவிடும், யாருக்கும் முகம் வாடாது. மத்தியச் செயலகத்தின் அலுவலக நடைமுறைக் கையேடும், பிறர் எழுதியதில் உள்ள பிழையைச் சுட்டும்போது பண்பான, நிதானமான மொழியில், ஆளைத் தாக்காமல் சுட்ட வேண்டும் என்றுதான் சொல்கிறது.

அவர் காலத்தில் மேலதிகாரிகள் பென்சிலால் எழுதுவார்கள், அல்லது ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் சீட்டைக் கிழித்துவிடலாம். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்து, கோப்புக் குறிப்புகளையும் பொதுமக்கள் கேட்டுப் பெறலாம் என்று ஆனது. பிறகு ஈ-ஆபீஸ் வந்தது, அதில் சீட்டு ஒட்ட இடமே இல்லை. வெளிப்படைத்தன்மை கூடக்கூட ‘ப்ளீஸ் ஸ்பீக்’ கூடியதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. இதற்குப் புள்ளிவிவரம் எதுவும் இல்லை, என் மேசைக்கு வந்த கோப்புகளை வைத்துச் சொல்கிறேன்.

அந்தக் கையேடேதான், கலந்து பேசி எடுத்த முடிவுகளைக் கோப்பில் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. தம்பிக்கு அதெல்லாம் விரல் நுனியில் இருந்தது; செயலகப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சியை முடித்து வந்த சூடு ஆறியிருக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் மூன்றாவது விதி, மேலதிகாரியின் ஆணை பொதுவாக எழுத்தில்தான் இருக்க வேண்டும், வாய்மொழியாகச் சொல்ல நேர்ந்தால் அவரே அதை உடனே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும், ஆணையைப் பெற்றவரும் அந்த உறுதிப்பாட்டைக் கேட்டுப் பெற வேண்டும் என்கிறது. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் அளித்த தீர்ப்பும், அதிகாரிகள் வாய்மொழி ஆணையை நம்பிச் செயல்படாமல் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியது. அந்த வகையில் பார்த்தால், தம்பி எழுதிய ‘ஆஸ் டைரக்டட்’ எழுத்தில் உறுதிப்பாடு கேட்பதற்கான மிகப் பணிவான வழி, டி.எஸ். அதன் கீழே ஒப்பமிட்டாலே ஆணை எழுத்துக்கு வந்துவிடும். இது அன்று எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது; அதனால்தான் வேண்டாம் என்றேன்.

டி.எஸ். அதில் ஒப்பமிட்டிருக்க மாட்டார். இன்னொரு ‘ப்ளீஸ் ஸ்பீக்’ வந்திருக்கும், இந்த முறை டீ இருந்திருக்காது. தம்பியின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையை எழுதுவது நானாக இருந்தாலும், அதை மீளாய்வு செய்பவர் மேலே இருக்கிறார். கேட்கப்பட்டதும் பெரிய காரியம் அல்ல: அதே விலை, அதே ஒப்பந்ததாரர், ஆறு மாதம். எந்த இடத்தில் முரண்டு பிடிப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஜெராக்ஸ் மிஷினுக்காக ஒரு பையன் தகராறு பேர்வழி என்று பெயரெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். இந்த வாதம் இன்றைக்கும் எனக்குச் சரியாகவே படுகிறது. என்ன ஒன்று, இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் அவரிடம் சொல்லவில்லை. ‘அப்படித்தான் எழுதுவாங்க’ என்று சொன்னேன். அதிலும் எழுதுகிறவர் யார் என்று இல்லை. விதியைச் சொல்லி, அதைத் தாண்டுவதற்கான என் காரணத்தையும் சொல்லி, முடிவு உங்களுடையது என்று விட்டிருந்தால், அவர் ஒருவேளை ‘டைரக்டட்’ என்றே எழுதியிருப்பார். அப்போது குறிப்பின் கீழே என் கையொப்பமும் வந்திருக்கும். அவரைக் காப்பாற்றினேன் என்று நான் நினைப்பதில் இந்தக் கையொப்பக் கணக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன், பிரியவில்லை.

பின்னர் தணிக்கையிலிருந்து ஹாஃப் மார்ஜின் என்னும் விளக்கம் கேட்கும் தாள் ஒன்று வந்தது. ஒப்பந்தத்தை நீட்டிக்க இடமில்லை என்று மூன்றாம் பத்தியில் எழுதிய அதே அலுவலர், ஐந்தாம் பத்தியில் ‘ஆஸ் டிஸ்கஸ்டு’ என்று சொல்லி நீட்டிக்கப் பரிந்துரைக்கிறார். இடையில் யாருடன் என்ன பேசப்பட்டது, அதன் பதிவு எங்கே என்று கேட்டிருந்தார்கள். டி.எஸ். அதற்குள் பதவிக்காலம் முடிந்து தம் மாநிலத்துக்குத் திரும்பியிருந்தார். அவருடைய ஒப்புதல் கோப்பில் இருந்தது. ஆனால் அது எங்கள் பரிந்துரைக்கு அவர் தந்த ஒப்புதலாகத்தான் இருந்தது. பதிலை நானே வரைந்தேன். ‘ட்யூ டு அட்மினிஸ்ட்ரேட்டிவ் எக்ஸிஜென்சி’, நிர்வாக அவசரம், என்று காரணம் சொல்லி, ‘நோட்டட் ஃபார் ஃப்யூச்சர் கம்ப்ளையன்ஸ்’, இனி பின்பற்றக் குறித்துக்கொண்டோம், என்று முடித்தேன். தணிக்கையினர் கேள்வியை அத்துடன் விட்டுவிட்டார்கள். தம்பியிடம் சொன்னபோது, “அப்போ நீங்க சொன்னது சரிதான் சார்” என்றார். கேலியாக இருக்குமோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அதுதான் என்னவோ செய்தது.

இப்போது அவர் கோப்பு ஆங்கிலத்தை என்னைவிடச் சரளமாக எழுதுகிறார். அவருடைய ‘மே பீ’க்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன, புதிதாக வந்த இருவருக்கு அவர்தான் சொல்லியும் தருகிறார். சென்ற மாதம் வேறொரு பிரிவு கூடுதல் அறை கேட்டிருந்த கோப்பை நிறுத்தி வைக்கும்படி அவரிடம் சொன்னேன். அவர் அடித்த மஞ்சள் குறிப்பில் ‘ஆஸ் டிஸ்கஸ்டு வித் எஸ்.ஓ., தி மேட்டர் மே பீ கெப்ட் பெண்டிங்’ என்று இருந்தது.

“இதுல என்னத்த தம்பி டிஸ்கஸ் பண்ணினோம்? நான்தானே சொன்னேன்?” என்று கேட்டேன்.

“நீங்க ‘என்ன தம்பி, நிறுத்தி வைக்கலாமா’ன்னு கேட்டீங்க சார். நான் சரின்னு சொன்னேன்.”

அப்படிக் கேட்டிருக்கலாம். எல்லோரிடமும் நான் அப்படித்தான் பேசுவேன். ஆனால் அது கேள்வி என்று நான் நினைத்ததில்லை. ‘டைரக்டட்’னு மாற்றிவிடவா என்று அவரே கேட்டார், விரல் விசைப்பலகையில்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். மாற்றினால் அந்தக் கோரிக்கையை நிறுத்தி வைத்தவன் நான் ஒருவன்தான் என்று ஆகிவிடும், உண்மையும் அதுதான்.