நம்ம தண்ணிதானா?

"சார், இது நம்ம தண்ணி மாதிரி தெரியல."

எண்ணெய்க் கிணற்றின் டேங்க் மேலே நின்றுகொண்டு ஆபரேட்டர் சொன்னது. ராத்திரி மூணு மணி. டேங்க்குக்குள் இறக்கி அளக்கும் டிப் டேப்பின் பித்தளைக் குண்டில் தடவியிருந்த பழுப்புப் பசை, தண்ணீர் பட்ட இடம் வரை சிவந்திருந்தது. முந்தைய டிப்பில் இரண்டு விரல் உயரம், இப்போது நான்கு. டார்ச்சை அதன் மேல் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். நான் கணக்கைச் சொன்னேன்.

அந்தக் கணக்கு தப்பில்லை, இன்றைக்கும் சொல்வேன். கிணற்றைத் தயார் செய்தபோது நாங்கள் இறக்கியதில் 38 கன மீட்டர் உப்புநீரைப் பாறை குடித்துவிட்டது. திரும்பி வந்தது 22. பாக்கி 16 வரத்தானே செய்யும்? திருவாரூர்ப் பக்கம் புதுக் கிணறு தண்ணீர் தள்ளுவதை அவரும் பார்க்காதவரா?

"நம்மளதுன்னா நாளுக்கு நாள் குறையணுமே சார்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

உப்பையும் நான்தான் அளந்தேன், சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு. நாங்கள் இறக்கியதில் லிட்டருக்கு 60 கிராம். முதல் நாள் வந்ததில் 55. அன்றைக்கு 38. எங்கள் தண்ணீரென்றால் உப்பு ஏன் இறங்க வேண்டும் என்ற கேள்வி அப்போது தோன்றவே இல்லை என்று எழுத ஆசைதான். தோன்றியது. பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை என்று நானே ஒரு பதிலும் வைத்துக்கொண்டேன்.

காலை ஆறு மணிக்கு மேலதிகாரியின் போன். "ஆயில் எவ்வளவுப்பா?" எண்ணெய் வரும் துளையை நாங்கள் பீன் என்போம், 6 மில்லிமீட்டர் பீனில் நாளுக்கு 40 கன மீட்டர், சுமார் 250 பீப்பாய். "எட்டாக்கிடு." தண்ணீரைப் பற்றியும் கேட்டார், அதை மறைக்கக் கூடாது. "நாம போட்டதுதான் சார், வந்துட்டிருக்கு" என்றேன்.

எட்டாக்கினோம். எண்ணெய் 58-க்கு ஏறியது. ஐந்தாவது மாதம் வந்ததில் பாதிக்கு மேல் தண்ணீர்.

அவசரமாக இழுத்தால் எண்ணெய்க்கு அடியில் கிடக்கும் தண்ணீர் கூம்பு மாதிரி மேலே ஏறிவரும். இது படித்ததுதான். ஆனால் கேசிங்குக்கு, அதாவது கிணற்றுக்குள் இறக்கிய இரும்புக் குழாய்க்கு, பின்னால் சிமென்ட் சரியாகப் பிடிக்காமல், அந்த வழியாகவும் வந்திருக்கலாம். அப்படியென்றால் ஆறிலேயே விட்டிருந்தாலும் இதே கதிதான். தூக்கம் வராத ராத்திரிகளில் இந்தச் சிமென்ட்டைப் பிடித்துக்கொள்வேன். ரிப்போர்ட்டின் ரிமார்க்ஸில் உப்பு 38 கிராமுக்கு இறங்கியதை எழுதியிருந்தால் மட்டும் யாராவது பீனைத் தொடாமல் விட்டிருப்பார்களா? மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். எழுத எத்தனை நேரம் ஆகியிருக்கும், அரை நிமிஷமா?

ஆபரேட்டர் அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

இப்போது அசாமில் இருக்கிறேன். போன மாதம் புதுக் கிணற்றிலிருந்து ஜூனியர் பையன் விடிகாலையில் போன் போட்டு, "சார், தண்ணி கொஞ்சம்..." என்று ஆரம்பித்தான்.

"அது இருக்கட்டும், ஆயில் எவ்வளவு?" என்றேன்.