விஞ்ஞானப் பிரிவின் கையெழுத்துச் சஞ்சிகை

எழுபதுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரியின் உயர்தர விஞ்ஞான வகுப்பில் படித்தவர்கள் எவரும் அந்தக் கையெழுத்துச் சஞ்சிகையை மறந்திருக்க மாட்டார்கள். தவணைக்கு ஓர் இதழாக, எழுத்து அழகாக வாய்த்த இருவர் அதை ஒற்றைப் பிரதியாக எழுதி, நூலால் தைத்து மட்டை கட்டுவார்கள். பொறுப்பாக இருந்த தமிழ் ஆசிரியர் விதித்த நிபந்தனை ஒன்றே: எழுத எடுக்கும் பொருள், சைக்கிளில் போய்ப் பார்த்துவரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். பாடப் புத்தகத்திலிருந்து பெயர்த்தெழுதியவை உடனே திருப்பித் தரப்படும். அந்த நிபந்தனையே கல்லூரி எனக்குத் தந்த பெருங்கல்வி என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

நிலாவரைக் கிணற்றைப் பற்றி எழுத முன்வந்த நண்பர்கள், இராமனின் அம்பு பாய்ந்து உண்டான கிணறு என்ற கதையை முதற்பக்கத்தில் மரியாதையோடு பதிந்துவிட்டு, நீரைச் சோதிக்கப் புறப்பட்டனர். மருந்துப் போத்தலின் அடியில் கல்லையும் கழுத்தில் கயிற்றையும் கட்டி, தக்கையால் இறுக அடைத்து ஆழத்துக்கு இறக்கினர். பின்னர் தக்கையில் கட்டிய மெல்லிய நூலைச் சுண்டி இழுத்ததும் குமிழிகள் மேலெழுந்தன. ஆய்வுகூடத்தில் மேல்நீர், அடிநீர் என்ற இரண்டு மாதிரிகளிலும், உப்பிருப்பதைக் காட்டும் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைச் சில துளிகள் விட்டபோது, மேல்நீர் இலேசாகக் கலங்கியது. அடிநீரிலோ தயிர்போல வெண்ணிற வீழ்படிவு திரண்டது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீர், அடர்த்தி கூடிய உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது என்பதையும், அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும் என்பதையும் அவர்கள் எழுதினர். வெங்காயமும் மிளகாயும் செழித்து, குடாநாட்டின் வலிகாமப் பகுதியெங்கும் இயந்திரங்கள் தண்ணீர் இறைத்த காலம் அது.

என் பங்குக்கு அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வாய்த்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், அடுத்த ஆண்டே வட்டுக்கோட்டையில் மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். பின்னர் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம் (சத்திரசிகிச்சை), மனுஷ அங்காதிபாதம் (உடற்கூற்றியல்), கெமிஸ்தம் (இரசாயனவியல்) என அவரும் அவருடைய மாணவர்களும் தமிழாக்கிய நூல்கள் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வரும். மானிப்பாயில் ஒரு பழைய வைத்தியர் குடும்பத்தினர் பட்டுத்துணியில் சுற்றிவைத்திருந்த இரணவைத்தியத்தை எனக்குக் காட்டினார்கள். ஓரங்களைப் பூச்சி அரித்திருந்த அந்தப் பக்கங்களில், என்றோ படித்த ஒரு மாணவர் பென்சிலால் தமிழில் எழுதிய குறிப்புகள் இருந்தன. சத்திரசிகிச்சையைத் தாய்மொழியில் கற்ற ஒருவரின் கையெழுத்தை நேரில் கண்ட அந்த வேளையில்தான், நான் எழுதவேண்டியது என்னவென்று எனக்குத் தெளிவாயிற்று.

அதே இதழில் ஆறுமுக நாவலரைப் பற்றி எழுதிய நண்பரும் நானும் எங்கள் தாள்களை ஒப்பிட்டுப் பார்த்து வியந்துபோனோம். கிறீனும் நாவலரும் 1822இல் பிறந்தவர்கள். கிறீன் வட்டுக்கோட்டையில் வகுப்பைத் தொடங்கிய 1848இல்தான் நாவலரும் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சமயத்தில் எதிரெதிர் அணியில் நின்ற இந்த இருவருமே தமிழ் உரைநடையைக் கல்விக்குரிய கருவியாக்க உழைத்தார்கள் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆசிரியர் இரண்டு கட்டுரைகளையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைக்கச் சொன்னார். தூய கணிதம் படித்த இன்னொருவர் பழந்தமிழ் இசையை ஆராயும் விபுலானந்த அடிகளின் யாழ் நூலிலுள்ள சுருதிக் கணக்குகளைச் செய்துபார்த்து எழுதியதும் அந்த இதழில்தான்.

இவற்றுக்கெல்லாம் நாங்கள் குறிப்பெடுத்த யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீடுகளிலிருந்தவையும் சிதறின. ஒற்றைப் பிரதியாகவே இருந்த எங்கள் சஞ்சிகையின் இதழ் எதையேனும், ஒரு தாளையேனும், இங்கிலாந்திலோ கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ வைத்திருப்பவர்கள் அதைப் படமெடுத்து இந்த மலரின் குழுவுக்கு அனுப்பிவைக்குமாறு வேண்டுகிறேன். அடுத்த மலரில் அவற்றோடு, இன்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் அதே நிபந்தனைக்கு உட்பட்டு எழுதும் கட்டுரைகளையும் சேர்த்து வெளியிடப் பழைய மாணவர் சங்கம் முன்வர வேண்டும்; அச்சுச் செலவில் என் பங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன்.