அம்மாவின் வெட்டிவேர் களிம்பும் இரண்டு தொழிற்சாலைகளும்

அம்மா 22 வருடம் மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தவர். பிளீச் தண்ணீரில் ஊறி ஊறி விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும். சோறு பிசைந்தால் குழம்பு பட்டு எரியும் என்று வேலை நாட்களில் கரண்டியால்தான் சாப்பிடுவார். அந்தக் கைகளுக்காக அவரே ஒரு களிம்பு காய்ச்சுவார். தேங்காயெண்ணெயில் வெட்டிவேரைப் பத்து நாள் ஊறப்போட்டு, வடிகட்டி, தேன்மெழுகு கரைத்து, பழைய ஜாம் போத்தலில் ஊற்றி வைப்பார். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் நான்கு மாடிக்கும் அந்தப் போத்தல் போய்வரும்.

இதையே தொழிலாகச் செய்வோம் என்று நான் கிளம்பியபோது, மருந்தகத்தில் வேலை செய்யும் தோழி தடுத்தாள். "அக்கா, வீட்டு அடுப்பில் காய்ச்சி லேபிள் ஒட்டி விற்க முடியாது." அவள் சொன்னது சரிதான். மலேசியாவில் 2008 முதல் எந்த அழகுப் பொருளையும் விற்பதற்கு முன் சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏவில் நோட்டிபிகேஷன், அதாவது பொருளைத் தெரிவித்துப் பதிவு, செய்ய வேண்டும். செய்வது எஸ்எஸ்எம் என்ற கம்பெனிப் பதிவு ஆணையத்தில் பதிந்த நிறுவனமாக இருக்க வேண்டும். தயாரிக்கும் இடம் ஜிஎம்பி என்ற நல்ல தயாரிப்பு முறைப்படி இயங்க வேண்டும். ஆகவே நான் கம்பெனி பதிந்துகொண்டு ஓஇஎம் தொழிற்சாலை, அதாவது மற்றவர் பெயரில் விற்கப் பொருள் செய்து தரும் இடம், தேடினேன்.

முதல் தொழிற்சாலையில் எல்லாம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. குளிரூட்டிய அறை, அலமாரி நிறைய அழகான டப்பாக்கள். "எந்த வாசனை வேண்டும், எந்தக் கலர் மூடி வேண்டும்?" என்று கேட்டார்கள். யார் பூசப் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. 500 டப்பா, பாதிப் பணம் முன்பணம். இரண்டு பக்க ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

வந்தது அவர்கள் ஏற்கெனவே பலருக்குச் செய்து கொடுக்கும் ஒரு கிரீம். அதில் வெட்டிவேர் வாசனை மட்டும் சேர்த்திருந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் தீபாவளிச் சந்தையில் வைத்தேன், நன்றாகவே போனது. ஏழாவது வாரம் வீட்டில் இருந்த டப்பாவைத் திறந்தால் மேலே எண்ணெய் மிதக்கிறது, அடியில் தயிர் திரிந்த மாதிரி. வாங்கியவர்களில் 63 பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு பாட்டி பணம் வேண்டாம், நல்லதாக ஒன்று செய்து கொடு என்றார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

அதைவிடப் பெரிய அடி அப்புறம்தான் வந்தது. ஃபார்முலாவைக் கொடுங்கள், வேறு ஒருவரிடம் காட்டிச் சரிசெய்கிறேன் என்றேன். ஃபார்முலா எங்களுடையது என்றார்கள். ஒப்பந்தத்தைப் பார்த்தால் அப்படித்தான் எழுதியிருந்தது. என்பிஆர்ஏ எண்ணும் அவர்கள் நிறுவனத்தின் பெயரில்தான் இருந்தது. டப்பாவின் மேல் அம்மா பெயர், உள்ளே இருந்தது எதுவும் எங்களுடையது இல்லை. போனது 6,400 வெள்ளி (ரிங்கிட்), அம்மாவின் ஈபிஎஃப் சேமநிதிப் பணத்திலிருந்து.

அதனால் இப்போது யார் என்னிடம் ஓஇஎம் பற்றிக் கேட்டாலும் விலையை அப்புறம் பேசுங்கள் என்கிறேன். ஃபார்முலா யாருக்குச் சொந்தம், நோட்டிபிகேஷன் யார் பெயரில், இவை இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். உங்கள் பெயரில் இருந்தால் பொறுப்பும் உங்களுடையது. என்பிஆர்ஏ ஒவ்வொரு பொருளையும் முன்கூட்டியே சோதித்துச் சான்று தருவதில்லை. அந்த எண், பொருள் பாதுகாப்பானது என்று நீங்கள் பொறுப்பேற்றுக்கொண்டதற்கு அடையாளம். அதிகாரிகள் கேட்டால் காட்ட, பொருளின் விவரக் கோப்பும் உங்களிடம் தயாராக இருக்க வேண்டும். எனக்கு இந்தச் சுமை வேண்டும். அம்மா பெயரை ஒட்டிவிட்டு வேறு எப்படி விற்பது?

அடுத்த முறை பூச்சோங், பாலாக்கோங், செமினி என்று ஐந்து இடம் போய்ப் பார்த்தேன். ஓரிடத்தில் முதலாளி, "கை கிரீமில் என்ன இருக்கிறது, ஒரே வாரத்தில் முகம் வெளுக்கும் கிரீம் செய்து தருகிறேன்" என்றார். அப்படியே எழுந்து வந்துவிட்டேன். ஒரே வாரத்தில் வெளுக்க வைப்பவற்றில் பாதரசமோ, ஹைட்ரோகுவினோனோ, டிரெட்டினோயினோ இருப்பதை அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து, அந்தப் பொருட்களின் நோட்டிபிகேஷனை ரத்து செய்து அறிவிக்கிறது. நம் பெண்கள்தான் அவற்றை அதிகம் நம்பி வாங்குகிறார்கள் என்பதை எங்கள் மாடியிலேயே பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவதாகப் பார்த்த செமினி தொழிற்சாலையில்தான் நின்றேன். உள்ளே விடுவதற்கு முன் தலைக்கு வலை, காலுக்கு உறை, கடிகாரத்தையும் கழற்றச் சொன்னார்கள். எடை போடும் அறை தனி, கலக்கும் அறை தனி. ஒவ்வொரு பேட்ச்சிலும் சில டப்பாக்களை எடுத்துத் தேதி போட்டு ஒரு அறையில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பிறகு புகார் வந்தால் பார்க்க. அங்கே வேதியியலாளர் ஒரு சீனப் பெண்மணி. என்னை "சிஸ்" என்று கூப்பிட்டு மலாயில் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுவார்?"

அம்மாவையே கூட்டிப்போனேன். அவர் ஜாம் போத்தலைக் கையில் கொடுத்தார். அந்தப் பெண்மணி முகர்ந்து, தேய்த்து, பிசுபிசுப்பு ரொம்ப நேரம் நிற்கிறது, இதைப் பூசிக்கொண்டு யாரும் துடைப்பத்தைப் பிடிக்க முடியாது என்றார். அம்மா சிரித்துவிட்டார், அது உண்மை. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைகிறது, கோலாலம்பூர் வெயிலில் உருகுகிறது, ஏர்கானில் மறுபடி கட்டியாகிறது என்று விளக்கி, அதில் ஒரு பங்கை உறையாத வகைத் தேங்காயெண்ணெயாக மாற்றினார். தண்ணீர் சேர்ந்தால் கிருமி வளரும், அதனால் கெடாமல் காக்கும் பதப்பொருள் கட்டாயம் என்றார். பதப்பொருள் இல்லை என்று பெருமையாக எழுதிய தண்ணீர்க் கிரீம்களைப் பார்த்தால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

ஏழு மாதிரி. பிடித்ததை 40 டிகிரி அடுப்பில் மூன்று மாதம் வைத்துப் பார்த்தார். அதற்குள் ஒரு தீபாவளி போய்விட்டது. அண்ணன் தினமும் சத்தம் போட்டார். ஆனால் எண்ணெய் பிரியவில்லை, நிறம் மாறவில்லை, கிருமிச் சோதனையும் தேறியது.

அளவு பற்றி ஒரு விஷயம். அவர்களுடைய மிகச் சிறிய கலக்கும் தொட்டிக்கு 30 கிலோ வேண்டும். 50 கிராம் டப்பாவுக்குக் கணக்குப் போட்டால் 600. தொட்டியிலும் குழாயிலும் ஒட்டியது போக என் கைக்கு வந்தது 571. லேபிள் அடித்தது 600. இதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் "வெடிப்பைக் குணமாக்கும்" என்று எழுத ஆசைப்பட்டேன். கூடாது, குணமாக்குவது மருந்தின் வேலை. "கைகளை மென்மையாக வைத்திருக்க" என்று எழுதினோம். பொருட்பட்டியலைப் படித்த அம்மா, "கோகோஸ் நூசிஃபெரா யாருடி?" என்றார். நம்ம தேங்காய்தான்மா என்றேன்.

571இல் இப்போது 90 டப்பா மிச்சம். அம்மாவின் பழைய வேலைத் தோழிகள் ஆளுக்கு இரண்டு வாங்கிப் போனார்கள். அம்மா மட்டும் வெட்டிவேர் வாசம் போதவில்லை என்கிறார். கொஞ்சம் கூட்டினால் மறுபடி மாதிரி, மறுபடி மூன்று மாத அடுப்பு. போன செவ்வாய்க்கிழமை செமினிக்குப் போய்க் கூட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.