யார் ஜாடை?
கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோன் அளவு மிகவும் குறைந்துவிட்டது, தானமாகக் கிடைக்கும் கருமுட்டையைப் பற்றி யோசியுங்கள் என்றார் மருத்துவர்.

செயற்கைக் கருத்தரிப்பு குறித்த 2021ஆம் ஆண்டுச் சட்டத்தை வரி வரியாகப் படித்தேன். 23 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தர முடியும். 7 முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. பிறக்கும் குழந்தை சட்டப்படி எங்களுடையது. ஆனால் முகம் தெரியாத அந்தப் பெண் எனக்காக ஊசிகளையும் மயக்க மருந்தையும் தாங்க வேண்டுமே! அவருக்கு 12 மாதக் காப்பீடு எடுத்துத் தர வேண்டியது எங்கள் கடமை; மனமாரச் செய்வோம்.

"யார் ஜாடையில் பிறக்கும்?" என்றார் அத்தை, பூக் கட்டிக்கொண்டே.

"காஞ்சனமாலைக்கு வேள்வித் தீயில் கிடைத்தவள்தானே நம் மீனாட்சி? அவள் யார் ஜாடை என்று மதுரையில் எவராவது கேட்டதுண்டா, அத்தை?" என்றேன்.

அடுத்த வாரம் ஆலோசனைக்குப் போகிறோம். இவ்வழியில் பிள்ளை பெற்றவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். பிள்ளையிடம் எந்த வயதில் சொன்னீர்கள், எப்படிச் சொன்னீர்கள்?