ஏடிபிசிஎம் இரைச்சல் ஒருவழியாக அடங்கியது

ஏடிபிசிஎம் முறையில் சுருக்கிய குரல் பதிவை ஒரு சின்னச் சில்லில் ஓட்டுகிறேன். குரலுக்கு அடியில் டர்ர்ரென்று ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் போயே போய்விட்டது! சில்லில் அதை விரிக்கும் டிகோடரில் ஒரு வரிகூட மாற்றவில்லை. கோளாறு முழுக்க, கணினியில் சுருக்கும் என்கோடர் பக்கம்.

போர்டில் இருப்பது 48 மெகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ்-எம்0 சில்லு, 8 கிலோபைட் ரேம், எஸ்பிஐ என்ற தொடர் இணைப்பில் ஒரு டபிள்யூ25க்யூ32 ஃபிளாஷ் (4 எம்பி நினைவகம்). எம்0-வில் வகுத்தல் கட்டளையே இல்லை. அதன் அண்ணன் எம்4-இன் சிக்னல் கணக்குக்கான டிஎஸ்பி கட்டளைகளும் கிடையாது. மற்ற ஒலிச் சுருக்க முறைகளில் ஓபஸுக்கு உரிமத்தொகை இல்லை, எம்பி3 உரிமத் திட்டமும் 2017-லேயே முடிந்தது. ஆக, காசு தடையில்லை. ரேம்தான் தடை: இரண்டின் டிகோடரும் 8 கிலோபைட்டில் உட்காராது. ஐஎம்ஏ ஏடிபிசிஎம்முக்கோ நினைவில் வைக்க வேண்டியவை இரண்டே எண்கள்: கடைசி சாம்பிளின் (ஒலி அலையின் ஓர் அளவீடு) மதிப்பும், அடுத்த மாற்றத்தின் அளவு (ஸ்டெப்) அட்டவணையில் எங்கே என்று சொல்லும் ஸ்டெப் இண்டெக்ஸும். ஷிஃப்ட்டும் கூட்டலும் போதும், பெருக்கல்கூட வேண்டாம். சுருக்காத 16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் பிசிஎம் இந்த 4 எம்பி-யில் 131 நொடிதான் கொள்ளும். சாம்பிளுக்கு 4 பிட் மட்டும் எடுக்கும் ஏடிபிசிஎம்மில் எட்டரை நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது.

ஒலியை வெட்டி வைக்கும் துண்டின், அதாவது பிளாக்கின், அளவு 256 பைட். ஃபிளாஷின் பக்க அளவும் அதே, அதனால் ஒரு பக்கம் ஒரு பிளாக். தொடக்க நிலையைச் சொல்லும் 4 பைட் ஹெடரில் உள்ள முதல் சாம்பிளையும் சேர்த்து 505 சாம்பிள். இந்தப் பொருத்தம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் இரைச்சல் பிறந்ததும் இங்கேதான்.

அமைதியான இடங்களில் ஒன்றும் கேட்காது. குரல் ஓங்கினால் உடனே டர்ர். வெளியீட்டைப் பதிவு செய்து ஸ்பெக்ட்ரம் பார்த்தால் 31.7 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் வரிசையாக நிற்கின்றன. 16000-ஐ 505-ஆல் வகுத்தால் வருவது அதே எண். கோப்பை ஹெக்ஸில் திறந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றாவது பைட் 00! அது ஸ்டெப் இண்டெக்ஸ் இருக்கும் இடம். இறக்கிப் பயன்படுத்திய கன்வெர்ட்டர், ஒவ்வொரு பிளாக்கின் தொடக்கத்திலும் இண்டெக்ஸைச் சுழியத்துக்குத் தள்ளிவிடுகிறது.

சுழியத்தில் ஸ்டெப் அளவு 7. ஓங்கிய குரலுக்கு 1500 அளவில் வேண்டும். அட்டவணையில் 56-ஆவது இடம், 1552. ஒரு சாம்பிளுக்கு இண்டெக்ஸ் அதிகபட்சம் 8 தான் ஏறும். ஆகவே குறைந்தது ஏழு சாம்பிளுக்கு அலை ஒரு பக்கம், டிகோடர் ஒரு பக்கம். இது நொடிக்கு 31 தடவைக்கு மேல் நடந்தால் டர்ர் என்று கேட்காமல் என்ன செய்யும்?

என்கோடரை நானே எழுதினேன். முந்தைய பிளாக் முடிந்த இண்டெக்ஸை அப்படியே அடுத்த ஹெடரில் வைத்ததும் இரைச்சல் அடங்கியது. அதோடு விட மனமில்லை. ஒவ்வொரு பிளாக்குக்கும் 89 தொடக்க இண்டெக்ஸையும் ஓட்டிப் பார்த்து, பிழையின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வருவதை எடுக்க வைத்தேன். 'ட', 'ப' போன்ற வெடிப்பெழுத்துகள் பிளாக்கின் தலையில் விழும்போது தெளிவு கூடியிருக்கிறது. கணக்கெல்லாம் கணினியின் தலையில். சில்லுக்கு ஒரு சுமையும் இல்லை. சின்னச் சில்லுக்கு கோடெக் தேடுகிறவர்கள் டிகோடரை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் என்கோடரிலும் நேரம் செலவழிக்க வேண்டும் என்பதே என் கட்சி.

ஃபிளாஷ் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: 9எஃப் கட்டளை அனுப்பி அடையாளத்தைப் படித்த பிறகே போர்டில் ஏற்றுங்கள். இந்த 4 எம்பி சில்லுக்கு ஈஎஃப் 40 16 வர வேண்டும். கடைசி பைட்தான் கொள்ளளவு.

வெளியீட்டு ஃபில்டர் இன்னும் பாக்கி. ஒலியை வேகமான ஆன்-ஆஃப் துடிப்பாக வெளியிடும் பிடபிள்யூஎம்மை 1000 எண்ணிக்கையில் வைத்திருப்பதால் அந்தத் துடிப்பின் வேகம் (கேரியர்) 48 கிலோஹெர்ட்ஸ், சாம்பிள் வேகத்துக்குச் சரியாக மூன்று மடங்கு. இப்போதைக்கு ஒரே ஒரு ஆர்சி (ரெசிஸ்டர், கெபாசிட்டர்) ஃபில்டர்தான் தொங்குகிறது. அதை முடிப்பதற்குள் மனம் அடுத்ததற்குத் தாவிவிட்டது: இரண்டு ஒலிகளை ஒரே நேரத்தில் கலந்து ஓட்ட வேண்டும். 12 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐ-யில் ஒரு பக்கம் எடுக்க 0.2 மில்லிநொடிகூட ஆகாது, ஒரு பிளாக் ஓடுவதோ 31.6 மில்லிநொடி. கூடுதல் ரேம் 512 பைட் பஃபர் மட்டுமே. நான்கு ஒலிகூடத் தாங்கும் என்று தோன்றுகிறது.